கண்ணாடிக் கோயிலும் கசல் இசையும்

விடுமுறை என்றாலே தோட்டத்துப் பிள்ளைகள் கோலாலம்பூர் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். கூலாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் நமக்கோ, ஜொகூர் பாரு பஸ் ஏறினால் வந்துவிடும் தூரந்தான். அங்கே இரண்டு நாளில் பார்க்கவும் கேட்கவும் எவ்வளவோ உண்டு.

எங்கள் அக்காள் குடும்பம் தோட்டம் வீடமைப்புக்குப் போனபின் அந்த நகரின் அடுக்குமாடி வீட்டில் குடியேறியது. அத்தான் வாரத்தில் ஆறு நாள் விடியுமுன்னே எழுந்து, 1924-ல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அவர் வீட்டிலிருக்கும் ஞாயிறை ஒட்டி, சனிக்கிழமையே குடும்பத்தோடு புறப்பட்டோம்.

முதலில் தெப்ராவ் சாலையை அடுத்துள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில். 1922-ல், ஜொகூர் சுல்தான் அளித்த நிலத்தில், சிறு கொட்டகையாகத் தொடங்கிய கோயில் இது. பாங்காக்கில் ஒரு புத்தர் கோயிலின் கண்ணாடி வேலைப்பாட்டைக் கண்டு, கோயில் பொறுப்பிலிருந்தவருக்கு இந்த எண்ணம் பிறந்ததாம். 2009-க்குள் அது கண்ணாடிக் கோயிலாகி விட்டது. சுவர், தூண், மேற்கூரை எங்கும் ஏறக்குறைய 3 இலட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகள்! விளக்கொளி பட்டதும் ஒவ்வொரு துண்டும் தனி விளக்காக மின்னுகிறது. ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தால், விரலளவு சில்லுதான். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையால் பொறுமையாக ஒட்டியிருக்க வேண்டும். நம் தோட்டத்துத் தகரக்கூரைக் கோயிலைக் குறைவாகப் பேசும் இளைஞர்களுக்கு, இதுவும் ஒரு காலத்தில் கொட்டகைதான் என்று சொல்லிக் காட்டலாம்.

பிறகு தான் ஹியோக் நீ சாலையின் பழைய கடைவீடுகளைப் பார்த்தபடி நடந்தோம். விறகடுப்பில் சுட்ட வாழைப்பழக் கேக்கைப் பிள்ளைகள் சுடச்சுடத் தின்றார்கள்.

மாலையில் ஒரு திறந்த மேடையில் ஜொகூர்க் கசல் கச்சேரி. பாடியவர்கள் மலாய்க்காரர்கள், பாட்டும் மலாய். ஆனால் முன்னே இருந்தவை ஆர்மோனியமும் தபேலாவும்! "அப்பா, இது நம்ம கோயில் பஜனைப் பெட்டியில்லையா?" என்றாள் பதினொரு வயது மகள். ஆம், இந்தியாவிலிருந்து வந்த கசல், ஜொகூரில் வேர்விட்டு மலாய் இசையாயிற்று. சித்தாருக்குப் பதில் காம்புஸ் வந்தது. சாரங்கிக்குப் பதில் வயலின் வந்தது. ஆர்மோனியமும் தபேலாவும் மட்டும் நிலைத்து நின்றன. பாக் லோமாக் என்று மக்கள் அழைத்த ஹாஜி மூசா பின் யூசோப், அதன் தந்தையாகப் போற்றப்படுகிறார்.

மகள் ஒரு வருடமாக ஆர்மோனியம் கற்றுத் தரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறாள். "சோறு போடாத படிப்பு எதற்கு?" என்பது அம்மாவின் வாதம். அன்றிரவு அத்தான்தான் பேசினார்: "அத்தே, நான் சோறு போடுகிற வேலைதான் பார்க்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பில்லை. பாட்டு ஒன்று தெரிந்திருந்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்குமே!" அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. வரும் மாதத்திலிருந்து கோயில் பஜனைக் குழுப் பெரியவரிடம் மகள் பாடம் கேட்கப் போகிறாள்.

பெற்றோர்களே, பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அழைத்துப் போகும்போது பேரங்காடியோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு கலையைக் கண்ணால் காணவும், ஒரு பாட்டை நேரில் கேட்கவும் செய்யுங்கள். பிரிந்துபோன உறவினர் வீட்டில் ஓரிரவு தங்குங்கள். நம் பிள்ளைகளுக்குக் கலை எட்டாத பொருளல்ல. எடுத்துக் காட்டத்தான் ஆள் வேண்டும்.