மழலையின் பிறந்தநாள்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தையொட்டி ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் குடும்பங்களை நாம் நன்கறிவோம். வாடகைக்கும் மளிகைக் கடனுக்குமே கூலி கரைந்துவிடும். ஆயினும், குழந்தைக்கு ஓராண்டு நிறைந்ததும் மண்டபம், பதாகை, மூன்றடுக்குக் கேக் என்று சிலர் வட்டிக்குப் பணம் வாங்குகின்றனர். மழலை தளர்நடை பயிலுமுன் வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது!

“எளிமையாகச் செய்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள், சாமி?” என்று ஓர் இளந்தந்தை நம்மிடம் கேட்டார். ஏரோது மன்னனை வீழ்த்தியதும் இவ்வச்சமே அன்றோ? தன் பிறந்தநாள் விருந்தில், விருந்தினர் முன் இட்ட ஆணையை மீற அஞ்சியே திருமுழுக்கு யோவானின் தலையைக் கொய்வித்தான் என்கிறார் மாற்கு.

திருச்சபையும் பிறப்பு விழாக்கள் கொண்டாடுகிறது: யோவானுக்கு ஜூன் 24, அன்னை மரியாவுக்குச் செப்டம்பர் 8, ஆண்டவருக்கு டிசம்பர் 25. அவற்றின் உயிர்நாடி ஆடம்பரமன்று, நன்றியே.

ஆதலின் பெற்றோரே, காலையில் திருப்பலி, பாட்டியார் கையால் பாயசம், அண்டை வீட்டாருக்கு ஒரு கிண்ணம், மாலையில் குடும்பச் செபம். இவை போதும். மண்டபத்தை மழலை அறியாது. தன்னைத் தூக்கும் தோளை அறியும். அத்தோளில் கடன்சுமை ஏறாதிருக்கட்டும்.