பரணில் கிடக்கும் விளையாட்டுப் பெட்டி

சபர் சென்று திரும்பியவர்கள் வாழ்ந்த இல்லமாயின், உங்கள் பரணை ஒருமுறை துழாவிப் பாருங்கள். பழைய டேப் ரிக்கார்டருக்கு அடியில் ஒரு வீடியோ கேம் பெட்டி கிடைக்கக்கூடும். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' பெட்டியின் நகல்களே அவற்றுள் பெரும்பாலானவை. 1990-களில் அவை வளைகுடாவிலிருந்து வந்தன. சபராளி இல்லாத வீட்டுக்குக் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் இருந்தது.

இன்றோ சுவரில் தட்டையான தொலைக்காட்சி. "இதில் அது ஓடாது" என்ற ஒரே சொல்லோடு பெட்டி காயலான் கடைக்குப் போய்விடுகிறது. (காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்பர். பழம்பொருளின் மதிப்பை நம்மவர் அறிந்திருந்தனர் என்றே நான் கொள்கிறேன்.)

திருவொற்றியூரில் என் தம்பி வீட்டுப் பெட்டியும் அவ்வாறே போகவிருந்தது. மர்ஹூம் தம்பி 1996-இல் துபாயிலிருந்து முதல் விடுப்பில் வந்தபோது கொணர்ந்தது அது. மகனுக்கு மூன்று வயதில் அவர் வஃபாத்தானார். வாப்பாவின் முகம் அவனுக்குப் புகைப்படத்தில்தான் தெரியும். ஆயினும் கைப்பிடியின் சிவப்புப் பொத்தான் ஒருபுறம் தேய்ந்திருப்பது அவருடைய கட்டைவிரலால் என்று உம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவன். "பெரிய வாப்பா, இது ஒரு தடவை ஓடினால் போதும்" என்றான்.

முதலில் மின்சார அடாப்டர். பெட்டியில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவும், கூட்டல் கழித்தல் முனைகளும் பொருந்தினாலன்றிச் செருகாதீர்கள். அடுத்து கேசட். எங்கள் பக்கத்துக் கடற்காற்றில் அதன் செப்பு முனைகள் பச்சை பூத்திருக்கும். சிறுவயதில் செய்ததுபோல் வாயால் ஊதினால் ஈரம் சேர்ந்து மேலும் கெடும். பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலரவிட வேண்டும்.

இனி இணைப்பு. மஞ்சள் முனை படத்துக்கு; வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் இம்மூன்றுக்கும் சேர்த்து ஒரே சிறு துளைதான் உண்டு. அதற்கென இடைக்கம்பி வேண்டும். எல்லாக் கம்பிகளிலும் வரிசை ஒன்றல்ல. படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால் முனைகளை மாற்றிச் செருகிப் பாருங்கள். அத்துளையும் இல்லையெனில், ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் சிறு கருவியைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். எதிர்த்திசையில் மாற்றும் கருவியும் பார்வைக்கு அதே போலிருக்கும். கடையிலேயே எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

படம் வந்தது, அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் பொத்தானை அழுத்திய பின்னரே மாரியோ யோசித்துக் குதித்தான். பழைய பெட்டி அனுப்பும் 240 வரிப் படத்தைப் புதிய திரை தனக்கேற்பப் பெருக்கி எழுதிக்கொள்ள நேரம் எடுப்பதே காரணம். அமைப்புகளில் 'கேம் மோட்' வைத்ததும் பெருமளவு சரியாயிற்று. அகல விகிதத்தை 4:3 ஆக்கியதும் மாரியோவின் தொந்தியும் குறைந்தது.

வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் எதற்கும் மசியவில்லை. விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு கணம் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் கண் அந்த ஒளியைத் தேடும். குழாய்த் தொலைக்காட்சி அதை உடனே வரையும். தட்டைத் திரையோ தாமதித்துக் காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி 'தவறிற்று' என முடிவு செய்துவிடுகிறது.

அடுத்த வீட்டு அம்மையார், 2006 முதல் 2011 வரை அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியைத் துணியால் மூடி வைத்திருந்தார். கேட்டதும் தந்தார். அஸருக்குப் பின் அதன் ஏரியல் துளையில் இணைத்தோம். முதல் வாத்து என் ஐந்து வயதுப் பேத்தியின் குறிக்கு விழுந்தது. "இங்கே கொடு, அது என் வாப்பா துப்பாக்கி" என்று அவளிடமிருந்து வாங்கிக்கொண்ட தம்பி மகன், மஃரிப் பாங்கு சொல்லும் வரை திருப்பித் தரவில்லை.