அயலூரில் ஒரு சொந்த ஆட்டம்

கால்பந்தாட்டப் போட்டிகளில் ஒரு நல்ல மரபு உண்டு. இரு கழகங்கள் மோதும்போது ஒருமுறை இவர்கள் ஊரிலும் மறுமுறை அவர்கள் ஊரிலும் ஆட வேண்டும். முதலில் விருந்தினராய்ச் சென்றவர், அடுத்த முறை தம் ஊரின் வாயிலில் நின்று வந்தோரை வரவேற்க வேண்டும். அயலூரில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பளிக்கும் வழக்கங்கூட நெடுங்காலம் இருந்தது. அந்நிய மண்ணில் ஆடுவது அரிது என்பதை ஆட்டத்தின் விதிகளே ஒப்புக்கொண்டன. வெற்றி தோல்விகளைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கையில், இந்த எளிய மரபு நமக்கு ஓர் அறத்தைக் கற்பித்துக்கொண்டிருக்கிறது. விருந்தினராக இருக்கத் தெரியாதவர் விருந்தோம்பவும் அறியார் என்பதே அந்த அறம்.

இதை நாம் எண்ணிப் பார்க்கத் தூண்டியது 2019-ஆம் ஆண்டின் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பைப் போட்டியாகும். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில், பெங்களூர் அணியை 3-2 என வென்று சென்னையின் கழகம் பட்டம் சூடியிருந்தது. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த தனபால் கணேஷ் அவ்வணியின் நடுக்கள ஆட்டக்காரர்களுள் ஒருவர். அந்த வெற்றியின் பயனாகச் சென்னைக்கு ஆசியப் போட்டியில் கால்பதிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. தகுதிச் சுற்றில் எதிரணி கடல் கடந்த நம் உறவூரான கொழும்பிலிருந்து வந்த கழகம். கொழும்பில் நடந்த முதல் ஆட்டத்தில் இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை. இரண்டாவது ஆட்டம் சென்னையின் சொந்த ஆட்டம். அதில் ஜெஜெ அடித்த ஒரே கோலால் சென்னை வென்றது. ஆனால், அந்தச் சொந்த ஆட்டம் நடந்த இடம் சென்னையன்று, அகமதாபாத்! தொடர்ந்து வந்த பிரிவு ஆட்டங்களிலும் சென்னையின் சொந்தக் களமாக அமைந்தது குஜராத் மாநிலத்தின் அந்நகரமே.

நாம் பணிபுரியும் வண்ணாரப்பேட்டையிலிருந்து நேரு விளையாட்டரங்கம் எவ்வளவு தொலைவு? அவ்வாண்டு பிப்ரவரி 10 அன்றுதான் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ இரயில் வந்து சேர்ந்தது. நம் இளைஞர்கள் அந்த நிலத்தடி நிலையத்தின் நகரும் படிக்கட்டுகளில் வேடிக்கைக்காகவே ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாள்கள் அவை. மண்ணடி, உயர்நீதிமன்றம், சென்ட்ரல் என்று மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிச் சற்றே நடந்தால் விளையாட்டரங்கம் வந்துவிடும். அகமதாபாதுக்கோ, அதே சென்ட்ரலிலிருந்து நவஜீவன் விரைவு வண்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து, அதற்கும் மேலாகப் பயணம் செய்ய வேண்டும்.

அந்நாள்களில் ஒரு ஞாயிறன்று, மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்தான். துறைமுகத்தில் சுமை தூக்கும் தொழிலாளியின் மகன். "ஃபாதர், நம்ம டீமு ஹோம் மேட்ச் ஆடுதாம். ஆனா அகமதாபாத்துல ஆடுதாம். அப்ப அது எப்டி ஃபாதர் நம்ம வீடு?" என்று கேட்டான். அரங்கம் கிடைப்பது, கிடைக்காதது, நிருவாகம், ஒளிபரப்பு என்று ஏதேதோ சொன்னோம். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். கேள்வி மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது.

குருமட நாள்களில் பயின்ற ஒரு சொல் அப்போது நினைவுக்கு வந்தது. 'பங்கு' என்று நாம் வழங்குவதை மேலை மொழிகள் குறிக்கும் சொல், 'பரோயிக்கியா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அச்சொல்லுக்கு உரிமைக் குடியிருப்பு என்பது பொருளன்று. அயலாராய்த் தங்கியிருத்தல், குடியுரிமையற்றோர் ஓரிடத்தில் வாழ்தல் என்பதே அதன் பொருள். புனித பேதுருவின் முதல் திருமுகம் இச்சொல்லால்தான் இறைமக்களின் உலக வாழ்வைக் குறிக்கிறது. அத்திருமுகம் அனுப்பப்பட்ட மாநிலங்களின் பட்டியலில் 'ஆசியா' என்ற பெயரும் இருக்கிறது. உரோமைப் பேரரசின் ஒரு மாநிலத்திற்கு அன்று வழங்கிய பெயர், பின்னர் ஒரு கண்டம் முழுமைக்கும் உரியதாயிற்று. நமக்கு அடுத்திருக்கும் இராயபுரமோ அதே பேதுருவின், நம் முன்னோர் அன்போடு அழைத்த இராயப்பரின், பெயரைத் தாங்கி நிற்கிறது.

வடசென்னை மக்களுக்கு இந்தப் பொருளை விளக்க அகராதி வேண்டியதில்லை. வண்ணாரப்பேட்டை என்ற பெயரே, ஆங்கிலேய வணிகக் கம்பெனியின் துணிகளை வெளுக்க வந்து குடியேறியவர்களால் வந்தது. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் வியாசர்பாடியில் குடியமர்ந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் துறைமுக வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று நம் ஆலயத்தில் பாடற்குழுவில் நிற்கிறார்கள். எண்ணூர்க் கடற்கரையில் வீடிழந்த மீனவர்க்கு, மறுகுடியமர்வு என்பது அலைபோல் மீண்டும் மீண்டும் வருவது. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து கால்பந்தாட்ட வீரர்கள் கிளம்பினார்கள் என்பது தற்செயலன்று. அதே பகுதியில் வளர்ந்த ஆட்டக்காரர்கள் முல்லை நகர்த் திடலில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஆட்டமும் பாடமும் கற்பிக்கப் போய்த்தான் வியாசர்பாடிக்குக் 'குட்டி பிரேசில்' என்ற பெயர் வந்தது.

அப்படியென்றால் அச்சிறுவன் இழந்தது எதனை? ஆட்டத்தைக் காணும் வாய்ப்பை மட்டுமன்று. அதைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓரளவு ஈடுசெய்துவிடும். கொழும்பிலிருந்தும் டாக்காவிலிருந்தும் காத்மாண்டுவிலிருந்தும் வந்தவர்களைத் தன் ஊரில் வரவேற்கும் உரிமையை அவன் இழந்தான். கடன், வாடகை, கூலி, சிபாரிசு என்று வாழ்நாள் முழுவதும் பிறர் வாயிலில் நிற்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளை, ஒரு மாலையேனும் விருந்தோம்புவோனாக அரங்கில் அமர்ந்திருக்கலாம். அது கைநழுவிப் போயிற்று.

ஆசியக் கழகங்களின் போட்டி வரலாற்றைப் புரட்டினால், இந்த வரவேற்பும் செலவும் எத்துணை அரியவை என்பது விளங்கும். 1967-ஆம் ஆண்டு பாங்காக்கில் முதன்முதலாக இப்போட்டி நடந்தது. மூன்றாண்டுகள் கழித்துத் தெஹ்ரானில் நடந்தபோது, லெபனானின் ஹோமென்ட்மென் கழகம் இஸ்ரேலின் ஹாப்போயல் கழகத்தோடு அரையிறுதியில் ஆட மறுத்தது. 1971-இல் மீண்டும் பாங்காக். இறுதியாட்டத்திற்கு வந்த ஈராக்கியக் கழகம், இஸ்ரேலின் மக்காபி கழகத்தை எதிர்த்துக் களமிறங்க மறுத்தது. ஆடாமலேயே பட்டம் வழங்கப்பட்டது. அதன்பின் 1985 வரை அப்போட்டியே நடைபெறவில்லை. அண்மையில், 2024 அக்டோபர் 2 அன்று ஈரானின் தப்ரீஸ் நகரில் ஆட வேண்டியிருந்த கொல்கத்தாவின் மோகன் பகான், பாதுகாப்பைக் கருதிச் செல்லவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் ஈரானின் ஏவுகணைகள் இஸ்ரேலை நோக்கிப் பாய்ந்திருந்தன. இவர்களுள் எவர்மீதும் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. அஞ்சுவோரின் அச்சமும் காயப்பட்டோரின் சினமும் மெய்யானவை. ஆனால் மனிதர் ஒருவர் ஊருக்கு ஒருவர் போக முடியாமற்போகும்போது, பந்தும் உருளாமல் நின்றுவிடுகிறது.

2019-ஆம் ஆண்டுக் கோப்பையின் முடிவும் இதையே சொல்கிறது. சென்னைக் கழகம் டாக்காவின் அபஹானியை அகமதாபாதில் 1-0 என வென்றது. டாக்காவில் 2-3 எனத் தோற்றது. பிரிவில் இரண்டாமிடம் பெற்று வெளியேறியது. இறுதியாட்டத்தில் வட கொரியாவின் ஏப்ரல் 25 கழகமும் லெபனானின் அல் அகேதும் சந்தித்தன. பியொங்யாங் நகரில் நடக்கவேண்டிய அந்த ஆட்டம் ஷாங்காய்க்கு மாற்றப்பட்டு, பின்னர் அங்கிருந்தும் கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. இறுதியாட்டத்திற்கே வீடில்லாமற் போயிற்று! மறு ஆண்டு சென்னையின் பெயர் தாங்கிய மற்றொரு கழகம், சென்னை சிட்டி, கோயம்புத்தூரைத் தன் தளமாகக் கொண்டு தேசிய லீக்கை வென்று இப்போட்டிக்கு வந்தது. 2020 மார்ச் 11 அன்று மாலத்தீவின் மாசியா கழகத்தோடு ஆடி, சமநிலை கண்டது. சில நாள்களில் பெருந்தொற்று உலகின் கதவுகள் அனைத்தையும் அடைத்தது. செப்டம்பரில் போட்டியே கைவிடப்பட்டது.

விருந்தினராய்ச் சென்று வென்ற தமிழரும் உண்டு. 2003-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் தென்கிழக்காசியக் கழகங்களின் கோப்பையை, தாய்லாந்தின் பி.இ.சி. தேரோ சாசனா அணியை 3-1 என வென்று கைப்பற்றியது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். அவ்வணியில் தஞ்சாவூரின் குலோத்துங்கன் இருந்தார். 2018-இல் அவர் தம் சொந்த ஊரிலேயே சாலை விபத்தில் உயிர்நீத்தார். அயலூர் அவரைக் கொண்டாடியது. சொந்த ஊரில் அவரை அறிந்தோர் எத்தனை பேர்?

தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ தெருச்சிறுவரைச் சேர்த்துக்கொண்டு ஆடிய நாள்களை எண்ணிப் பார்ப்போம். 1846-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று வால்தோக்கோவில் ஒரு கொட்டகை கிடைக்கும்வரை, கூச்சலும் ஆட்டமும் பொறுக்கமாட்டாத அக்கம்பக்கத்தார் அவர்களை இடம்விட்டு இடம் விரட்டினர். ஆயினும் அவர் செபத்தையும் விளையாட்டையும் பிரிக்க உடன்படவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் கொள்கைத் திரட்டில், எல்லா நிலையினரும் நாட்டினரும் இனத்தினரும் சகோதர உறவு கொள்ள விளையாட்டு உதவுகிறது என்பதை ஏற்றுக்கொண்டது.

இவற்றையெல்லாம் நாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஆலயத்தின் பின்புறம் ஐந்து கிரவுண்டு அளவில் ஒரு மண்திடல் இருக்கிறது. அதில் ஒரு சமூகக் கூடம் கட்ட வேண்டுமென்று இவ்வாண்டு பங்குப் பேரவையில் பேச்செழுந்தது. கூடம் வேண்டும் என்போரிடமும் நியாயம் இருந்தது. இரு பெண்மக்களைக் கரையேற்றிய ஒரு கைம்பெண் எழுந்து, "மண்டப வாடகைக்கே வட்டிக்கு வாங்கினேன் ஃபாதர். பந்துக்கு எடம் இருக்குது, நம்ம பொண்ணுங்களுக்கு எடமில்லையா?" என்றார். அவையில் எவராலும் மறுமொழி கூற இயலவில்லை.

நாம் அகமதாபாத் கேள்வியைச் சொன்னோம். கூடம் நம்மவர்க்கு, திடலோ வருவோர்க்கு என்றோம். ஞாயிறு மாலைகளில் பக்கத்துத் தெருவின் இந்துப் பிள்ளைகளும், மசூதித் தெருவின் பிள்ளைகளும், வடமாநிலத்திலிருந்து வந்து கிடங்குகளில் வேலை செய்யும் இளைஞர்களும் வருமிடம் அது ஒன்றுதான். ஆலயத்துக்குள் அவர்கள் வருவதில்லை. வரச்சொல்லி நாம் கேட்பதுமில்லை. நம் பங்கு பிறர்க்கு வீடாக இருப்பது அந்தப் புழுதியில் மட்டுமே. எம்மாவு ஊரில் விருந்தினராய் உள்ளே அழைக்கப்பட்ட ஆண்டவரே, பந்தியில் அப்பத்தை எடுத்துப் பிட்டு விருந்தளிப்பவர் ஆனார். அயலாரை அழைக்கும் இடம் ஒன்றேனும் இருந்தால்தானே அந்த மாற்றம் நிகழும்?

நீண்ட விவாதத்திற்குப் பின், பழைய மறைக்கல்விக் கட்டடத்தின் அடித்தளத்தை வலுப்படுத்தி, அதன் மேல்தளத்தில் கூடம் கட்டுவது என்று முடிவாயிற்று. செலவு கூடும், ஆண்டுகள் சிலவும் ஆகும். அதுவரை நம் ஏழைக் குடும்பங்கள் வாடகை மண்டபங்களுக்கே கடன்பட வேண்டியிருக்கும். திருமணங்களுக்கும் இறப்பு வீடுகளுக்கும் ஆலயத்தின் பாத்திரங்களையும் விசுப்பலகைகளையும் கட்டணமின்றித் தரத் தொடங்கியிருக்கிறோம். அந்தத் தாயின் கேள்விக்கு இது முழு விடையன்று என்பதை அறிவோம். அவருக்கு நாம் பட்ட கடன் கூடம் எழும்வரை தீராது.

திடல் மட்டும் இருக்கிறது. வெளித்தெரு அணி வரும் நாள்களில், ஆட்டம் தொடங்குமுன் கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் குடங்களைக் கொண்டுவந்து எல்லைக் கோட்டருகே வைப்பது நம் பிள்ளைகளின் வழக்கமாகிவிட்டது. வந்தவர்கள் குடித்த பிறகே அவர்கள் குடிக்கிறார்கள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.