மாமல்லபுரம்: கோயில் மாடியில் எரிந்த கடல் விளக்கு!

எங்கள் நாமக்கல்லில் மலைக்கோட்டை உண்டு, லாரி உண்டு, முட்டை உண்டு. கடல்தான் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாயி அதைப் பார்த்ததே இல்லை. "முட்டிவலி முத்தறதுக்குள்ள ஒருக்கா காட்டிப்போடு கண்ணு" என்றார். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை, செங்கல்பட்டு வழியாக சுமார் 300 கிலோமீட்டர். மாமல்லபுரம் போய் இறங்கினோம்.

அங்கே ஒரே குன்றில் இரண்டு கலங்கரை விளக்கங்கள். எல்லோரும் டிக்கெட் எடுத்து ஏறுவது 'புதியதில்'. புதியது என்றாலும் 1904-ல் முழுமையாகச் செயல்படத் தொடங்கிய கல் கோபுரம்! வெகுநாள் பூட்டிக் கிடந்து, 2011-ல்தான் மீண்டும் நமக்குத் திறந்தார்கள்.

பலரும் கவனிக்காமல் கடந்துபோவது பக்கத்துப் பாறை உச்சியிலிருக்கும் ஒலக்கணேஸ்வரர் கோயிலை. 8-ம் நூற்றாண்டில் பல்லவர்கள் கட்டிய சிவன் கோயில். மேலே இருந்த விமானம் சிதைந்து, மொட்டை மாடிபோல் ஆகிவிட்டது. 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் அந்தக் கூரையிலேயே விளக்கை வைத்துக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள். இன்று அங்கே பூஜையும் இல்லை, விளக்கும் இல்லை.

தொண்டை நாட்டுக் கடற்கரைக்கு இது புதிதல்ல. நீர்ப்பெயற்றுத் துறைமுகத்தில் உயரமான மாடத்தில் இரவில் தீ ஏற்றியதை, சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. 'கரைதல்' என்றால் அழைத்தல். கலங்களை அழைப்பதால் கலங்கரை விளக்கம்!

கோயிலுக்கு நேர் கீழே மகிஷாசுரமர்த்தினி குகை. அதுவரை மெல்ல ஏறிவந்த அம்மாயி, சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பாம்பணையில் பெருமாள், காலடியில் கதையோடு இரண்டு அசுரர்கள். "நம்மூரு அரங்கநாதராட்டமே படுத்திருக்காரு பாரு!" நாமக்கல்லிலும் உச்சியில் கோட்டை, அடியில் குகைக்குள் அரங்கநாதர். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் கோபுரம் ஏறினேன். குறுகலான வளைந்த படிகள். எதிரில் ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே காற்று அள்ளுகிறது. கிழக்கே கடற்கரைக் கோயில், அதற்கப்பால் நீலம். ஐந்து நிமிடம்கூட நிற்க மனம் வரவில்லை, இறங்கிவிட்டேன்.

"எப்படி கண்ணு இருக்குது?"

"சொல்ல மாட்டேன். நேர்ல வாங்க அம்மாயி."

கடற்கரையில் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து நின்றார். முதல் அலை பாதத்தை நனைத்தது. இரண்டாவது, மூன்றாவது... என் கையை இறுக்கிக்கொண்டு கேட்டார்:

"இது எப்பங் கண்ணு நிக்கும்?"