கோவையை நிரப்பினால் மட்டும் போதுமா?

நமதூரில் எத்தனையோ ஆசிரியர்கள் பாடசாலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே தொலைக்கல்வியில் படிக்கிறார்கள். அவர்களிடம் இப்போது இ-போர்ட்போலியோவும் கேட்கப்படுகிறது. "இதுவும் இன்னொரு ஒப்படைதானே" என்ற சலிப்பு நமக்குப் புரிகிறது.

ஆனால் அது ஒப்படைகளைப் பதிவேற்றும் பெட்டி மட்டுமல்ல. நாம் நடத்திய பாடத்தை முன்னால் வைத்து, ஏன் அப்படிச் செய்தோம், எது சரிவரவில்லை, அடுத்த முறை எதை மாற்றுவோம் என்று எழுதும் இடம். செயலின்போது சிந்திப்பதையும் செயலுக்குப் பின் சிந்திப்பதையும் டொனால்ட் ஷோன் 1983இல் பிரித்துக் காட்டினார். மஹாரா என்ற இ-போர்ட்போலியோ மென்பொருள் நியூசிலாந்தில் உருவானது. அந்தப் பெயருக்கே மாவோரி மொழியில் சிந்தனை என்றுதான் பொருள்.

நேரில் படிப்பவரின் முகத்தைப் பார்த்தே விரிவுரையாளர் விளங்கிக்கொள்வார். தூரத்தில் இருப்பவருக்கு எழுத்துத்தான் முகம். மூன்று பேரின் கோவையில் ஒரே மீள்சிந்தனை இருந்தால் சான்றிதழ் கிடைக்கலாம், படிப்பு கிடைக்காது. நாளை அவர்களிடம் படிக்கப்போவது நம் பிள்ளைகள்.

விரிவுரையாளர்களிடமும் ஒன்று கேட்கிறோம். குறையே இல்லாத கதைக்குத்தான் புள்ளி என்றால், யார் உண்மையை எழுதுவார்? இடைக்காலப் பதிவுகளுக்குப் புள்ளி போடாமல், பதிலாக இரண்டு வரி எழுதுங்கள்.

படிக்கும் சகோதர சகோதரிகளே, கடைசி இரவுவரை காத்திருக்க வேண்டாம். பாடம் முடிந்த அன்றே போனில் நாலு வரி எழுதி வையுங்கள். பிள்ளையின் பெயர் தெரியாமல் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துச் சேருங்கள். தவணை முடிவில் வாசித்துப் பார்த்தால், நாம் எங்கே மாறியிருக்கிறோம் என்று நமக்கே தெரியும்.