அப்பாவும் ஏழு கேள்விகளும்

எங்கள் வீட்டுப் பெரியவள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா, கேள்வி கேளுங்க" என்பாள். நான் பி.காம். பேங்க்கில் ஆடிட்டர் கேட்க, நான் முழிப்பதுதான் வழக்கம். கேள்வி கேட்கும் பக்கம் உட்கார எனக்குக் கிடைக்கும் ஒரே நேரம் இது. விடுவேனா?

போன டிசம்பரில் ஒரு நாள், பாடம் சிறுநீர்ப் பாதையும் புராஸ்டேட்டும். ஹாலில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். 74 வயது. அம்மா போனபிறகு வருஷத்துக்கு இரண்டு மாதம் கோவில்பட்டியிலிருந்து தேவ்நாருக்கு வந்து எங்களோடு இருப்பார். நான் நோட்டைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்ததும் டிவி சத்தம் மெதுவாகக் குறைந்தது. ரிமோட் அப்பா கையில்தான் இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி இருக்கும். வாலிபத்தில் சுமார் 20 கிராம். வயதானால் வீங்கும், 60 வயதைத் தொடும் ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இந்த மாற்றம் இருக்கும். நடுவில் போகிற குழாய் நெரிபடும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. எவ்வளவு தொந்தரவு என்று அளக்க உலகம் முழுக்க ஏழு கேள்விகள் வைத்திருக்கிறார்கள். போன ஒரு மாதத்தில்,

1. போய்விட்டு வந்தபிறகும் மிச்சம் இருப்பது போல் தோன்றியதா?
2. இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போனீர்களா?
3. விட்டு விட்டு வந்ததா?
4. அடக்க முடியாமல் ஓட வேண்டியிருந்ததா?
5. வேகம் குறைந்து மெலிசாக வந்ததா?
6. முக்க வேண்டியிருந்ததா?
7. ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள்?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 மார்க். 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் தீவிரம். மார்க் கூடினால் ஃபெயில் என்கிற ஒரே பரீட்சை.

பெரியவள் கடகடவென்று ஒப்பித்துவிட்டுத் தூங்கப் போனாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பாத்ரூம் ஸ்விட்ச் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஐந்து தடவை. இத்தனை நாளும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது! வயசாச்சு என்று திரும்பிப் படுத்துவிடுவேன். ஒன்றரை நாள் ரயிலில் தண்ணியே குடிக்காமல் வந்தேன் என்று பெருமையாக அவர் சொன்னதும் அப்போதுதான் புரிந்தது. ஊரில் ஒரு கிளினிக்கில், நீர்க்கடுப்பு என்று சிறுநீர் டெஸ்ட் கூட எடுக்காமல் இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதையும் பிறகுதான் சொன்னார்.

காலையில் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நீ ஆபீஸுக்குக் கிளம்பு" என்றார். நானும் கிளம்பினேன். அதுதான் நான் செய்த தப்பு.

இரண்டு நாள் கழித்து அப்பாவுக்கு ஜலதோஷம். கீழே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். மறுநாள் மத்தியானம் தங்கமணி போன் செய்தாள். "மாமா காலையிலேர்ந்து ஒண்ணுக்கே போகலையாம். வயித்தைப் பிடிச்சிட்டு நடக்கிறார். என்கிட்ட சொல்லக் கூச்சப்படுறார்."

நான் வருவதற்குள் பெரியவள் காலேஜிலிருந்து வந்துவிட்டாள். தாத்தாவின் அடிவயிறு உப்பியிருப்பதைப் பார்த்தாள். மாத்திரை அட்டையை வாங்கிப் படித்தாள்: ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமைன். முதலாவது மூத்திரப்பையின் வாயை இறுக்கும். இரண்டாவது அதன் தசையைச் சோம்பேறியாக்கும். ஏற்கெனவே நெரிந்த குழாய். முழு அடைப்பு. "வீட்டில வெச்சுப் பார்க்கக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரி" என்றாள். ஆட்டோவில் செம்பூர் போகிற வழியில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அப்பா என் கையை நெரித்தார். என் அப்பா என் கையைப் பிடித்தது எத்தனை வருஷம் கழித்து என்று தெரியவில்லை.

கேசுவாலிட்டியில் ஒரு மலையாளி நர்ஸ். முதலில் திரையை இழுத்து மூடினார். பிறகு, என்ன செய்யப் போகிறேன், எங்கே வலிக்கும் என்று தெரிந்த தமிழில் அப்பாவிடம் சொன்னார். அதற்கப்புறம்தான் டியூபை எடுத்தார். 900 மில்லி! சாதாரணமாக 400, 500 மில்லியிலேயே மூத்திரப்பை முட்டிவிடும். அப்பா அழுதார். வலி போன நிம்மதியா, அவமானமா, நான் கேட்கவில்லை.

வெளியே வந்து பெரியவள் சொன்னாள், "அப்பா, செய்முறையில முதல் ஸ்டெப்பே திரையை மூடணும்னுதான் எழுதியிருக்கு. மார்க்குக்காகப் படிச்சேன். இன்னிக்குத்தான் ஏன்னு புரிஞ்சுது."

டாம்சுலோசின் மாத்திரை ஆரம்பித்தார்கள். இது மூத்திரப்பையின் வாயைத் தளர்த்தும். எழுந்ததும் தலை சுற்றலாம், அதனால் ராத்திரி எழுகிற பெரியவர்கள் ஒரு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்து எழ வேண்டும். புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. டெஸ்ட்டை அன்றே எடுக்கவில்லை. அடைப்பும் டியூபும் இருக்கும்போது எண் பொய்யாக ஏறிக் காட்டுமாம். சில வாரம் கழித்து எடுத்தோம், பயப்பட ஒன்றுமில்லை.

டியூபோடு வீட்டில் இருந்த நாட்களில் பெரியவள்தான் ஹெட் நர்ஸ். பை எப்போதும் மூத்திரப்பையை விடத் தாழ்ந்திருக்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. தொடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். இணைப்பைக் கழற்றக் கூடாது. டியூப் இருக்கிற ஒவ்வொரு நாளும் கிருமித் தொற்று அபாயம் கூடும். எனக்குக் கொடுத்த வேலை, குடித்தது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எழுதி வைப்பது. வரவு செலவு! இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு அக்கறையாக நான் லெட்ஜர் எழுதியதில்லை.

டியூபை எடுத்த அன்று பாத்ரூம் வாசலில் மூன்று பேரும் நின்றோம். உள்ளே சத்தம் கேட்டது. "போயிட்டேன்டா!" என்றார் அப்பா. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் சொன்ன மாதிரி இருந்தது.

அன்று தங்கமணி ஒன்று சொன்னாள். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போகிற நாட்களில் அவளும் தண்ணீர் குடிப்பதில்லையாம், எங்கே போவது என்று. பெரியவளும் கோவண்டியில் ரயில் ஏறினால் அப்படித்தானாம். பெண்களின் சிறுநீர்க் குழாய் 4 சென்டிமீட்டர்தான். குடலில் இருக்கும் ஈ.கோலை கிருமி சுலபமாக ஏறிவிடும். தண்ணீர் குடிக்காமல் அடக்கினால் கழுவிவிட வழியே இல்லை. ஆண்களுக்கு இலவசம், பெண்களுக்குக் காசு என்றிருந்த இந்த ஊரில்தான் 2011ல் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து கழிப்பறை உரிமைக்கான இயக்கத்தைத் தொடங்கின. செம்பூரில் இயங்கும் 'கோரோ' அதில் முன்னணியில் நின்றது. பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாது. என் வீட்டிலேயே தெரியவில்லை, அப்புறம் ஊரைப் பற்றி என்ன சொல்ல?

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறவர்களே, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போடுவோம். சாப்பிட்டீங்களா, மழை உண்டா, அம்மாகிட்ட குடுங்க. அவ்வளவுதான். இந்த வாரம் ஏழாவது கேள்வியை மட்டுமாவது கேளுங்கள். "ஒண்ணுமில்லப்பா" என்பார். அதோடு விட்டுவிடாதீர்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பேங்க் ஆபீசர். மாத்திரையை டாக்டர் சொல்லட்டும். கேள்வியை நீங்கள் கேளுங்கள்.