மிதிகளமும் தராசும்

மாசி மாத வெயிலில், வட வங்காளத்து நவ்காவ் வட்டாரத்தின் களங்களில் ஒரு காலத்தில் விசித்திரமான மிதிப்பு நடந்தது. நெல்லுக்கு மாடு கட்டிப் பிணையல் ஓட்டுவார்கள். இங்கே மிதித்தவர்கள் மனிதர்கள். வெட்டிக் கொண்டுவந்த கஞ்சாச் செடிகளை முதலில் வெயிலில் வாடவிட்டனர். பின்னர் பூங்கொத்துள்ள கிளைகளை மட்டும் பிரித்து, நுனி உள்நோக்கியும் காம்பு வெளிநோக்கியும் இருக்குமாறு வட்டமாக அடுக்கினர். ஆட்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அவ்வட்டத்தின்மேல் சுற்றிச் சுற்றி மிதித்தனர். மிதித்த அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கு. அதன்மேல் மறுபடியும் மிதிப்பு. பின் குவியலை மூடிவைத்தனர். மூடிய குவியல் தானே சூடேறியது. பிரித்து உதறி, சருகான இலைகளைத் தட்டி நீக்கி, மீண்டும் அடுக்கி மிதித்தனர்.

புகையிலையைப் புழுக்கத்தில் வைத்துப் பதப்படுத்துபவருக்கு இந்த முறை புதிதன்று. பச்சையின் காரம் அடங்குவதும், நிறம் பழுப்பேறுவதும், மணம் மாறுவதும் அந்தச் சூட்டினால்தான். செடியில் உள்ள பிசின் பச்சையாக இருக்கையில் பெரும்பாலும் அமில வடிவில் இருக்கிறது. சூடும் காலமும் அதனைப் போதை தரும் வடிவிற்கு மாற்றுகின்றன. இந்த வேதியியலை அக்களத்தில் எவரும் எழுதிவைக்கவில்லை. குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தும், பிசின் பாதத்தில் ஒட்டும் விதத்தைக் கொண்டும் அவர்கள் பக்குவத்தை அறிந்தனர்.

களத்திற்கு முன்பே இன்னொருவரின் வேலை முடிந்திருக்க வேண்டும். அவரைப் ‘போத்தார்’ என்றும் ‘பரக்தார்’ என்றும் அழைத்தனர்; ஆங்கிலேய அதிகாரிகள் ‘கஞ்சா வைத்தியர்’ என்றனர். செடிகள் பூக்கத் தொடங்கும் பருவத்தில் அவர் வயலில் வரிசை வரிசையாக நடந்து, ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்கச் செய்வார். மகரந்தம் விழுந்த பெண்பூ விதையில் கவனம் செலுத்தும், பிசின் குறையும். மகரந்தம் காற்றில் பறப்பதால், தன் வயலைச் சுத்தமாக வைத்திருந்தாலும் அண்டை வயல்காரரின் கவனக்குறைவால் ஓர் ஆண்டு விளைச்சலே கெடக்கூடும். ஆகவே போத்தாரின் கண்ணை நம்பித்தான் ஊரே இருந்தது. நாணயத்தின் மாற்றுப் பார்ப்பவருக்கும் வங்காளத்தில் ‘போத்தார்’ என்றே பெயர். ‘பரக்’ என்பது சோதனை. வடமொழிப் ‘பரீட்சை’யின் உறவுச் சொல். பொன்னையும் காசையும் சோதித்தவரை ‘வண்ணக்கர்’ என்றழைத்த பழந்தமிழ் வழக்கை அறிந்தவர்க்கு, கண்ணால் தரம் பிரிக்கும் தொழிலுக்குத் தனிப்பெயர் கொடுக்கும் இந்த மனநிலை எளிதில் புரியும்.

களத்திலிருந்து மூன்று சரக்குகள் வெளிவந்தன. வட்டமாக அடுக்கி மிதித்துத் தட்டையாக்கியது ‘சப்டா’. மூங்கில் கழியொன்றைக் குறுக்கே கட்டி, அதைப் பிடித்தபடி வரிசையாக நின்று, கிளைகளைக் காலடியில் உருட்டி உருட்டித் திரட்டியது ‘கோல்’, அதாவது உருண்டை. காம்பிலிருந்து உதிர்ந்த பூங்கொத்துத் துண்டுகள் ‘சூர்’, அதாவது தூள். தட்டையில் காம்பு அதிகம், உருண்டையில் குறைவு, தூளில் ஏறக்குறைய இல்லை. இந்த வேற்றுமையை வரி விதித்த அரசும் ஏற்றது. மூன்றிற்கும் ஒரே வரி அன்று. காம்பு குறையக் குறையச் சேருக்கான வரி உயர்ந்தது. குடிக்க உதவாத குச்சிக்கும் பூவுக்கும் ஒரே விலை போடுவது அநீதி என்பதைச் சுங்கத் துறையின் தராசு புரிந்துவைத்திருந்தது.

இச்சொற்கள் இன்று கிடைப்பதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் ஹேம் சந்திர கர். வங்காளத்துத் துணை ஆட்சியராக இருந்த அவர், கஞ்சா சாகுபடியையும் வணிகத்தையும் பற்றி எழுதிய அறிக்கை 1877இல் வெளிவந்தது. சணலைப் பற்றியும் அதே உழைப்போடு எழுதியவர் அவர். 1893இல் தாவரவியலாளர் டேவிட் பிரெய்ன் இன்னோர் அறிக்கை அளித்தார். அதே ஆண்டில் அமைக்கப்பட்ட இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. அதன் ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர். முழுத் தடை வேண்டியதில்லை, வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்தினால் போதும் என்பதே 1894இல் அது கண்ட முடிவு. வரிக்காக எழுதப்பட்ட ஏடுகள்தாம் இவை. ஆயினும் மிதித்தவரின் மொழி அவற்றில்தான் தங்கியிருக்கிறது. மிதித்தவரின் பெயர் தங்கவில்லை.

வரி கட்டியவரின் வாழ்வும் எளிதாக இல்லை. உரிமமின்றிப் பயிரிட முடியாது. விளைந்ததை விரும்பியவருக்கு விற்கவும் முடியாது. சரக்கு அரசுக் கண்காணிப்பிலுள்ள கிட்டங்கிக்குச் செல்ல வேண்டும். உரிமம் பெற்ற வணிகருக்கே விற்க வேண்டும். 1917இல் நவ்காவ் உழவர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். பள்ளி, மருந்தகம், சாலை என்று ஊருக்கு அது செய்தவை பல. 1980களில் வங்கதேசம் சாகுபடியைத் தடைசெய்தபோது, களமும் போத்தாரும் ஒருசேரப் பழங்கதையாயினர்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தது. அச்சட்டம் கஞ்சா என்பதைப் பூத்த அல்லது காய்த்த நுனிகள் என்று வரையறுக்கிறது. நுனிகளோடு சேர்ந்திராத விதையையும் இலையையும் விலக்குகிறது. எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் அது கஞ்சாவே என்றும் சொல்கிறது. பாங்கு தப்பியது இந்த விலக்கினால்தான். 1961இன் ஐ.நா. உடன்படிக்கையிலும் இதே விலக்கு இருக்கிறது.

இலக்கணம் படித்தவர் நிறுத்தி வாசிக்க வேண்டிய இடம் ‘சேர்ந்திராத’ என்னும் எச்சம். எங்கே சேர்ந்திராத? ஒரே காம்பிலா, ஒரே மூட்டையிலா? காம்பில் என்று பொருள் கொண்டால், மூட்டைக்குள் உதிர்ந்து கிடக்கும் இலை கஞ்சா ஆகாது. மூட்டையில் என்று பொருள் கொண்டால், அதே இலை கஞ்சாவாகிவிடும். தண்டைப் பற்றியோ வரையறை பேசவே இல்லை. நுனி என்று மட்டும் சொல்லிவிட்டு, நுனி எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லாமல் விடுகிறது.

இது வகுப்பறைப் புதிர் அன்று. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் ‘சிறு அளவு’. 20 கிலோவுக்கு மேற்பட்டால் ‘வணிக அளவு’. வணிக அளவாயின் குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டுக் கடுங்காவல். பிணை கிடைப்பதும் அரிது. ஈரம் உலராத செடிகளை வேரோடும் தண்டோடும் இலையோடும் அப்படியே எடைபோட்டால் 20 கிலோவை எட்ட அதிகம் வேண்டியதில்லை. அதையே உலர்த்தி, தண்டையும் இலையையும் நீக்கி நிறுத்தால் அதில் ஒரு சிறு பங்குதான் தேறும். பயிரிட்டதற்கான தண்டனை தனி. அதற்குப் பத்து ஆண்டு என்பது உச்சவரம்பே தவிர, கீழ்வரம்பு அன்று. ஆக, குற்றம் செய்தாரா என்பது ஒரு கேள்வி. எதை நிறுத்தார்கள் என்பது வேறொரு கேள்வி. பிணை மனுக்களில் உயர் நீதிமன்றங்களின்முன் இரண்டாம் கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. தீர்ப்புகள் எல்லாம் ஒரே திசையில் செல்லவில்லை.

குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர் பெரும்பாலும் வழக்கறிஞருக்கு எளிதில் பணம் திரட்ட இயலாதவர்; மலைச்சரிவில் பயிரிட்டவராக இருக்கலாம், கூலிக்கு மூட்டை சுமந்தவராகவும் இருக்கலாம். அவருடைய பத்து ஆண்டு, ஓர் எச்சத்தின் பொருளிலும் ஒரு தராசுத் தட்டிலும் தொங்குகிறது.

பழைய களத்தைப் புகழ வேண்டிய தேவை இல்லை. அங்கே கூலியும் குறைவு, வரியும் மிகுதி; அங்கிருந்து சென்ற சரக்கு பலரின் உடல்நலத்தைக் கெடுத்திருக்கவும் கூடும். கஞ்சாவைத் தடைசெய்வதா, உரிமத்தோடு விடுவதா என்பது தனியாக விவாதிக்க வேண்டிய பொருள். ஆனால் தடைசெய்யும் சட்டமும் தான் தடைசெய்வது எது என்பதைத் துல்லியமாகச் சொல்லக் கடமைப்பட்டது. வெறுங்காலால் மிதித்தவர்கள் சரக்கைக் காம்பின் அளவுக்கேற்ப மூன்றாகப் பிரித்து, மூன்றிற்கும் பெயரிட்டனர். அந்நிய அரசின் வரித்துறை அப்பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, வரியையும் அதற்கேற்பப் பிரித்தது. அவ்வேடுகள் நூலகங்களில் இருக்கின்றன, எண்மவடிவிலும் கிடைக்கின்றன. எடைபோடும் முன் எவரேனும் அவற்றைத் திறந்து பார்க்கலாம்.